கறுப்பியின் முட்டைகளுக்கு ஒரு பேட்டரி

சுந்தரபாண்டியத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஜெயபாயைத் தெரியும். முட்டையைக் கொடுத்தால் தெர்மாகோல் பெட்டியில் வைத்துப் பொரித்துத் தருவார். குஞ்சில் பாதி அவருக்கு; இந்தப் பங்குக்கு வாரம் என்று பெயர். பெட்டிக்குச் சூடு கொடுப்பது பல்பு. கரண்ட் போய் நெடுநேரம் வராவிட்டால் முட்டை கெட்டுவிடும். போன கோடையில் ஒரே தடவையில் வைத்த ஒரு ஈடு முட்டை முழுவதும் அப்படித்தான் போயிற்று.

அதன் பிறகே அவர் கணவர் தவசிமுத்து சோலாரில் இறங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தவர். ஒரு சுற்று பிசகினாலும் முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுற்றுவார்.

ராஜபாளையத்துப் பழைய இரும்புக் கடையில், சட்டம் நெளிந்த சோலார் பேனல் ஒன்றும் லேப்டாப் பேட்டரிகள் ஒரு சாக்கும் கிடைத்தன. பேட்டரி செத்தாலும் உள்ளே இருக்கும் செல்கள் எல்லாம் செத்திருக்காது. ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு வாரம் சும்மா வைத்து, மறுபடி அளந்தார். இறங்கிப்போனதையும், ஏற்றும்போது கை சுட்டதையும் ஒதுக்கினார்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்புட்டு யோசிக்கலையே நீங்க” என்றார் ஜெயபாய்.

“அதான் இப்ப யோசிக்கேன்.”

தேறிய செல்களைச் சேர்த்துக் கட்டினார். அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் காக்கும் சின்ன போர்டை மட்டும் புதிதாக வாங்கினார். பைக் இண்டிகேட்டர் பல்புகளை, சூட்டைப் பார்த்து இயக்கும் தெர்மோஸ்டாட் வழியாகப் பேட்டரியில் கொடுத்தார். சூடு குறைந்தால் பல்பு தானாக எரியும்; போதுமானால் அணையும்.

முதல் ஈடு வைக்கிற அன்று பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் ஒரு சட்டித் தவிட்டில் முட்டைகளைப் பதித்துக் கொண்டுவந்தார். அவருடைய கறுப்பியைக் கீரி பிடித்துவிட்டது. அந்தக் கோழியின் வழியில் மிச்சமிருப்பது இந்த முட்டைகள்தான்.

“மதினி, கலங்காதீங்க. பெட்டியில வச்சிருவோம்” என்றார் ஜெயபாய்.

“பல்பு என்னத்தட்டி அடை காக்கும்?” என்றார் வெள்ளத்தாய். ஆனாலும் சட்டியை நீட்டினார்.

தவசிமுத்து போட்ட கணக்குப்படி, பகல் வெயிலில் ஏறுவது மறுநாள் வெயில் வரும்வரை தாங்க வேண்டும். தாங்கவில்லை. விடிகிறபோது பேட்டரி அடிமட்டத்தில் கிடந்தது. பெட்டியை வீட்டுக் கரண்டுக்கு மாற்றிவிட்டு, செல்களை எல்லாம் மறுபடி அளந்தார். ஒன்றிலும் குறையில்லை. பேனலைத் துடைத்தார், தென்னை நிழல் விழுகிறதா என்று பார்த்தார், ஒயர்களை மாற்றினார். திரும்ப பேட்டரியில் கொடுத்தால் மறுபடி அதே கதை.

ஒருநாள் சாயங்காலம் பட்டறையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தார். பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. வெள்ளத்தாய் முட்டை ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேருக்கு ஜெயபாய் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எக்கா, இப்படித்தான் தினமும் நடக்கா?” என்றார் தவசிமுத்து.

“செத்த நேரந்தான்லே. புள்ளைகளப் பாத்துட்டுப் போறேன்.”

“நீங்க செத்த நேரம் பாக்கீக. போன சூட்ட ஏத்த பல்பு அம்புட்டு நேரம் எரியுது. அதுக்கு நான் ஒவ்வொரு செல்லா சந்தேகப்பட்டிருக்கேன்!”

சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வராதீங்க என்று வெள்ளத்தாயிடம் சொல்லத் தவசிமுத்துவுக்கு மனம் வரவில்லை. திறக்காமலே பார்க்கும்படி மூடியில் சதுரமாக வெட்டி, உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை இடுக்கில்லாமல் ஒட்டினார். மறுநாள் விடிந்தபோது பேட்டரியில் கால்வாசிக்கு மேல் மிச்சமிருந்தது.

குஞ்சு பொரிக்கிற அன்று சாயங்காலம் காற்றடித்துத் தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. வெளிச்சம் இருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். தெருவே கண்ணாடியைச் சுற்றிக் குனிந்தது. ஓடு விரிந்து, நனைந்த குஞ்சு ஒன்று தலையைத் தூக்கிற்று. உடம்பெல்லாம் கறுப்பு.

“ஆத்தா, எங் கறுப்பி!” வெள்ளத்தாயின் கை மூடிக்குப் போயிற்று.

“எக்கா!” என்றார் தவசிமுத்து.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார் வெள்ளத்தாய். “தொடலலே, தொடல. பொறவு வாரம் பிரிக்கும்போது அதுமட்டும் எனக்கு.”

“எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கோங்க மதினி. வளந்து முட்டையிடட்டும், அதுல வாங்கிக்கிடுதேன்” என்றார் ஜெயபாய்.

அதற்குள் அடுத்த முட்டையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தது.