ஒரு கறுப்பு விழுந்தால் போதும்

பெட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டி, "காலி, பாத்துக்குங்க" என்று எல்லோருக்கும் காட்டுகிறார் லியாகத் அலி. அறையில் இருப்பது ஏழெட்டுப் பேர்தான். பெட்டி காலி என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டும் வரை அவர் விடமாட்டார். பிறகு ஆளுக்கொரு வெள்ளை மொச்சை, ஒரு புளியங்கொட்டை. மொச்சை போட்டால் சம்மதம், புளியங்கொட்டை போட்டால் மறுப்பு. பெட்டியின் வாயில் துணி தைத்திருப்பதால் உள்ளே போன கை எதை விட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் தீர்மானம் தோற்றது.

மரக்காணத்தில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கிறார் பாய். கடைக்கு மேல்மாடிதான் சங்கம். வாலிப வயதில் புதுச்சேரிப் பழைய பேப்பர் கடையில், விக்டோரியா ராணி காலத்து லண்டன் அறிவியல் சங்கம் ஒன்றின் விதிப்புத்தகம் அவர் கையில் சிக்கியிருக்கிறது. வேறு யாராவது என்றால் வடை மடித்திருப்பார்கள். இவர் அகராதியை வைத்துக்கொண்டு முழுவதையும் தமிழாக்கி, நண்பர்களைக் கூட்டி, அதன்படியே 'கடலோர ஆய்வுச் சங்கம்' ஆரம்பித்து, தானே அதன் செக்ரட்டரியும் ஆகிவிட்டார். உறுப்பினராக விரும்புகிறவரின் பெயர் முதலில் சுவரில் தொங்கி, எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். ஆட்சிக்குழுவில் ஆண்டுதோறும் சிலர் இறங்கிப் புதியவருக்கு இடம்விட வேண்டும். தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரரிடம் தீப்பெட்டி கேட்பதானாலும் சரி. சங்கப் பணத்தில் ஆய்வுப் பயணம் போனவர், கண்டதை முதலில் சங்கத்தில்தான் வாசிக்க வேண்டும். இடுப்பில் லுங்கி, தோரணையில் லண்டன்.

"வெள்ளக்காரன் நூறு வருசம் ஓட்டிக்கினு இருந்தானுங்க இந்த ரூல வச்சி. நம்மகிட்ட மட்டும் ஓடாதா?" என்பார்.

ஓடத்தான் செய்தது. பெருமுக்கல் மலை வௌவால்களைப் பார்க்க ஒருவர் போனார். கழுவெளிப் பறவைகளுக்காக ஒருவர் மழைக்காலம் முழுக்கச் சேற்றில் கிடந்தார். உப்பளத் தண்ணீர் எப்போது சிவக்கிறது என்று ஒரு பெண்மணி பாத்திகளைச் சுற்றி வந்தார். எல்லாம் உறுப்பினர் சந்தாவில். இப்போது வருடக்கணக்காக ஒரு பயணமும் இல்லை. விண்ணப்பம் வருகிறது, வாக்கெடுப்பு நடக்கிறது, ஒரு புளியங்கொட்டை விழுகிறது.

நான் விருந்தாளியாகப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, நிவேதா விண்ணப்பித்திருந்தாள். கடல் உயிரியல் படித்த பெண். வலைகளை நாசமாக்கும் சொறிமீன் எனும் ஜெல்லிமீன் கூட்டம் எந்த நீரோட்டத்தில் கரைக்கு வருகிறது என்று முகத்துவாரத்துக்கு வெளியே படகில் போய்ப் பார்க்க வேண்டும் அவளுக்கு. அதே வேலையாகச் சங்கப் பணத்தில் போய்த் திரும்பாத தேவாவின் மகள் அவள். தேவா, பாயின் உயிர்த்தோழர். வாடைக் காற்றில் படகு கவிழ்ந்து, பொம்மையார்பாளையம் கரையில்தான் அவர் உடல் ஒதுங்கியது. சங்கத்தின் கடைசிப் பயணம் அதுதான்.

விண்ணப்பித்தவர் வாக்கெடுப்பின்போது அறையில் இருக்கக் கூடாது. நிவேதா கீழே கடைக்குப் போனாள். விண்ணப்பத்தை எடுத்து வாசித்தவர் பாய்தான். என்ன உற்சாகம்! "தலைவர் அவர்களே, இந்த மாதிரி ஒரு திட்டம் நம்ம சங்கத்துக்கு வந்ததே இல்ல. அவ்ளோ சுத்தமா எழுதிக்கீது பொண்ணு" என்று நெஞ்சை நிமிர்த்தினார். பெட்டி சுற்றி வந்தது. தட்டில் கொட்டினார்கள். மொச்சைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு.

"தீர்மானம் நிறைவேறல" என்று பாய் குரல் பிசகாமல் அறிவித்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தலைவர் புருஷோத்தமன், உப்பள முதலாளி, என்னை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "யாரு போட்டதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார். கேக்கக் கூடாதுன்னு ரூல் போட்டவனும் அவன்தான்."

"விதியை மாற்றிவிடலாமே?"

"அதுக்கும் இதே பொட்டிதான் சார். அதுலயும் ஒண்ணு விழும்."

பிறகு தானாகவே சொன்னார். தேவா அன்று கேட்ட செலவில் படகு வாடகை, டீசல், கடல்நீர் பிடிக்கப் புட்டிகள், லைஃப் ஜாக்கெட் எனும் மிதவைச் சட்டை ஒன்று. கடைசியதை மட்டும் பாய் அடித்துவிட்டார். அந்தச் சட்டை இந்த ஊரில் அவர் கடையில்தான் கிடைக்கும். பொறுப்பில் இருப்பவர் தன் சரக்கைச் சங்கப் பணத்துக்கு விற்கக் கூடாது என்பது விதி. தேவா சிரித்துவிட்டு, "செக்ரட்டரி சொன்னா சரிதான்" என்று அது இல்லாமலே கடலுக்குப் போய்விட்டார்.

"சும்மா கொடுத்திருக்கலாமே!" எனக்கு ஆத்திரமாக வந்தது.

"குடுத்துருக்கலாம். அன்னிக்கு அவனுக்கும் தோணல, எங்களுக்கும் தோணல. எல்லாருமா கையத் தட்டிட்டு எழுந்து போனோம்."

அதற்குப் பிறகு ஆத்திரப்பட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பாயை நினைக்கப் பாவமாக மட்டும் இருந்தது.

நாங்கள் இறங்கியபோது பாய் எங்களுக்கு முன்னால் கடைக்கு வந்திருந்தார். நிவேதாவிடம் முடிவைச் சொல்லியாகிவிட்டது. அவள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தெரியும் மாமா. சங்கம் தராட்டி பரவால்ல. சிலம்பரசன் அண்ணன் படக வாடகைக்குப் பேசிட்டேன். டீசலுக்கு எங்கிட்டயே இருக்குது. நாளைக்குக் காலைல போறேன்."

பாய் வாயைத் திறந்தார். தடுக்க ஏதாவது விதி இருக்கிறதா என்று தேடினார் போல. சொந்தச் செலவில் போகிறவரைச் சங்கம் தடுக்க முடியாது. புருஷோத்தமனைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் கையை விரித்தார்.

பாய் கொக்கிக் கம்பை எடுத்து, உத்தரத்தில் தொங்கிய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளில் ஒன்றை இறக்கினார். பாலித்தீன் உறையைப் பல்லால் கிழித்தார். அவள் தோளிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தார். மார்புப் பட்டையை மாட்டி இழுத்தார்.

"மாமா, நாளைக்குத்தானே போறேன்" என்றாள் நிவேதா.

பாய் அவள் முன்னால் முழங்காலிட்டு, அடிப்பட்டையையும் மாட்டி, இழுத்து முடிச்சுப் போட்டு, அதன் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டார்.