பம்பாயில் மாப்பிள்ளை பார்த்த நாடகம்

வரவேற்புரை இல்லாமலும் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்க முடியும் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது பம்பாயில். குத்துவிளக்கு இல்லை. தலைமை இல்லை, முன்னிலை இல்லை. ‘இவருக்கு அறிமுகம் தேவையில்லை’ என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் அறிமுகம் செய்பவரும் இல்லை. மணி அடித்தது, விளக்கு அணைந்தது, பாட ஆரம்பித்துவிட்டார்கள். கோயமுத்தூரில் இப்படி ஒரு விழா நடத்தினால் விழாக் கமிட்டி அன்றைக்கே இரண்டாக உடைந்துவிடும்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அப்போது தாசில்தார். இங்கிலீஷ் பாட்டு நாடகம் பார்க்க ஈட்டிய விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறுகிற ஆள் இல்லை. போனது மாப்பிள்ளை பார்க்க.

பெண், என் தங்கை மகள். வந்த வரன்களில் ஒன்றை வழுக்கைக்காகத் தள்ளினாள், ஒன்றை அவன் அம்மாவுக்காகத் தள்ளினாள், மற்றவற்றைக் காரணம் சொல்லாமலே தள்ளினாள். இந்த ஒன்றை மட்டும் தள்ளவில்லை. கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பம். பையன் பம்பாயில் இன்ஜினியர். ஜாதகம் பொருந்தியது. பெரியவர்கள் அனுமதியோடு இருவரும் சில தடவை போனில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் அறிவித்தாள்: இவர் இல்லையென்றால் இனி யாரையும் கூட்டி வர வேண்டாம்.

சிக்கல் ஒன்றுதான். பையன் சாயங்காலங்களில் நாடகத்தில் நடிக்கிறான். அதைப் பையனின் அப்பாவே பெருமையாகச் சொல்லிவிட்டார். உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் என் தங்கையின் கணவருக்கு, அதாவது மச்சானுக்கு, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் தலையசைக்காமல் கல்யாணம் நகராது. தாய்மாமன் தாசில்தாராகவும் இருந்தால் ஸ்தல விசாரணை இல்லாமல் தலை அசையாது. ஆக, நேரில் பார்த்து நான் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை என்று முடிவாயிற்று. புறப்படும்போது மருமகள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

“நாடகத்த முழுசாப் பாத்துப்போட்டு அப்பறமாச் சொல்லுங்க மாமா.”

மச்சான் ஒரு பட்டுத் துண்டும், பம்பாயில் தேங்காயே கிடைக்காது என்பதுபோல ஒரு சாக்குத் தேங்காயும் எடுத்துக்கொண்டார். அந்தச் சாக்கு போத்தனூர் தாண்டுவதற்குள்ளாகவே எங்கள் பெட்டியில் இருந்த அத்தனை பேருடைய காலையும் பதம் பார்த்திருந்தது.

பையனுக்கு ஒத்திகை இருந்ததால் ஸ்டேஷனுக்கு வர முடியவில்லை. நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து பார்க்கச் சொல்லி, டிக்கெட்டை அரங்க வாசலில் கொடுத்துவைத்திருந்தான். எங்களிடம் இருந்தது ஒரு ஸ்டூடியோ போட்டோ மட்டும்; என்ன வேஷம் என்பதுகூடத் தெரியாது.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம், வெளியேறும் கதவுகளையும் மணல் வாளிகளையும் பார்த்தது. எத்தனையோ டூரிங் டாக்கீஸ்களைத் தணிக்கை செய்தவன், பழக்கம் விடவில்லை. வாளிகளில் மணலே இருந்தது. எங்கள் தாலுகாவில் வெற்றிலை எச்சில்தான் இருக்கும்.

நாடு இழந்த ஓர் இளவரசன் குதிரையோடு ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் நாட்டையும் ஒரு பெண்ணையும் பெறுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் எதையும் சும்மா சொல்ல மாட்டார்கள். பசிக்கிறது என்பதற்கு ஒரு பாட்டு, சாப்பாடு வந்துவிட்டது என்பதற்கு ஒரு பாட்டு. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வாத்தியக்காரர்களை உட்காரவைத்திருந்தார்கள். இவ்வளவு நன்றாக வாசிப்பவர்களை ஏன் குழிக்குள் போட்டார்கள் என்று மச்சான் வருத்தப்பட்டார். நாற்பது பேர் ஒரே நேரத்தில் காலைத் தூக்கி ஒரே நேரத்தில் இறக்கினார்கள். என் அலுவலகத்தில் நான்கு பேரை ஒரே நேரத்தில் நாற்காலியில் உட்காரவைக்க நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

இளவரசன் வந்து நின்றதும் மச்சான் போட்டோவை எடுத்து, மேடை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அரிதாரம், ஒட்டு மீசை, தொப்பி எல்லாவற்றையும் கழித்துவிட்டு மூக்கை மட்டும் ஒப்பிட்டார். நானும் ஒப்பிட்டேன். கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தில்லாத போட்டோவை வாழ்நாளில் ஏற்றுக்கொள்ளாத நான், அன்று ஒரு மூக்கை ஏற்றுக்கொண்டேன்.

“நம்ம பக்கத்து மூக்குங்க மச்சான்,” என்றார் அவர். அதோடு அவர் கவலை தீர்ந்தது. ராஜா வேஷம், வாள் இருக்கிறது, கதாநாயகியைத் தொடுவதுகூட விரல் நுனியோடு சரி. இடைவேளையில் சமோசா வாங்கித் தந்து, மண்டபம் எது பிடிக்கலாம் என்பதுவரை போய்விட்டார்.

உண்மையில் சபையைக் கட்டிப்போட்டது குதிரைதான். இரண்டு ஆட்கள் உள்ளே நுழைந்து ஆடும் துணிக் குதிரை. முன்னங்கால்கள் கௌரவமாக நடக்கும். பின்னங்கால்கள் ஒரு தாளம் தள்ளி வரும், தனியாக ஒரு குதி குதிக்கும், இளவரசன் சோகமாகப் பாடும்போது ஒன்றன்மேல் ஒன்று போட்டு உட்காரும். மச்சான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்குமளவுக்குத் தொடையில் தட்டி, “பின்னங்காலு போடற போட்டப் பாருங்க மச்சான். ராசா எல்லாம் அதுக்கப்பறந்தானுங்க,” என்றார். நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். மச்சான் நேராக இளவரசனிடம் சென்று பட்டுத் துண்டைப் போர்த்தி, கையில் ஒரு தேங்காயையும் வைத்தார். அந்த வாலிபர் பார்சிக்காரர் என்பது பிறகு தெரிந்தது. தென்னிந்தியர்கள் கலையை இப்படித்தான் கௌரவிப்பார்கள் போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோய், மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மச்சானும் பதிலுக்குக் கட்டிப்பிடித்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து நம் ஊர்க் குரல் கேட்டது.

“வாங்க மாமா. வந்து ரொம்ப நேரமாச்சுங்களா? உள்ளிருந்து உங்களப் பாக்க முடியலீங்க.”

திரும்பினோம். தலையிலிருந்து வியர்வை சொட்ட ஒருவன் நின்றிருந்தான். இடுப்புக்கு மேலே பனியன். இடுப்புக்குக் கீழே பழுப்பு ரோமமும் வாலும்.

போர்த்திய துண்டைத் திரும்ப வாங்குவதற்கு எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. மீதித் தேங்காய்களைப் பையனிடம் கொடுத்தோம். சாக்கை வாங்கி ஓரமாக வைத்தான். எங்களுக்கு நாற்காலி தேடிப் போட்டான். ரயிலில் தூங்க முடிந்ததா என்று கேட்டான். உட்காரும்போது வாலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை என்பது எனக்கே எரிச்சலாக இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் மச்சான் சன்னலைப் பார்த்தபடி வந்தார். ஆந்திரா வந்தபோதுதான் வாய் திறந்தார்.

“ராசான்னா சொல்லிக்கலாமுங்க. சேவகன்னாக்கூடச் சொல்லிக்கலாம். குதிரைங்க. அதுலயும் முன்னங்காலா இருந்தா ஒரு மரியாத.”

அந்தக் கால்களுக்குத்தான் தொடையில் தட்டினார் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்ல நாகரிகமான வார்த்தைகளை இருவரும் தேட ஆரம்பித்தோம். மறுப்புக் கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

வீட்டு வாசலிலேயே மருமகள் நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை; காபியை எனக்கு முதலில் கொடுத்தாள். குதிரை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியுங்க மாமா. மொத போன்லயே சொல்லிப்போட்டாரு. பின்னங்காலுன்னும் சொன்னாரு.”

“எங்ககிட்ட ஏன் அம்மணி சொல்லல?”

“சொல்லியிருந்தா ரயிலே ஏறியிருக்க மாட்டீங்க. முன்னால இருக்கறவருக்காவது வெளிய பாக்க ஒரு தொளை இருக்குதாமா. பின்னால இருக்கறவருக்கு அதுவும் இல்லீங்களாமா. குனிஞ்சு முன்னால இருக்கறவரு இடுப்பப் புடிச்சுட்டு, இருட்டுல கணக்குத் தப்பாமப் போகோணும். தப்புனா ரெண்டு பேரும் விழுவாங்க. இதுவரைக்கும் விழுந்ததில்லைன்னாரு. மத்தவங்க எல்லாம் போன்ல அவங்க சம்பளத்தத்தான் மாமா சொன்னாங்க,” என்றாள்.

என் பணிக்காலத்தில் எத்தனையோ மனுக்கள் பார்த்திருக்கிறேன். தனக்குப் பாதகமான விவரத்தை முதல் பத்தியிலேயே எழுதிய மனுதாரர் ஒருவரும் நினைவில் இல்லை. அவள் தம்ளரை வாங்காமல் நின்றுகொண்டே இருந்தாள். நான் சரி என்றேன்.

மச்சான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மண்டிக்கு வந்த பங்காளி ஒருவரிடம், மாப்பிள்ளை பம்பாய் நாடகத்தில் குதிரைப்படையில் இருக்கிறார் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதிலிருந்து பேச ஆரம்பித்துவிட்டார்.

கல்யாண வேலைகளின்போது, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு குதிரை பேசினால் அந்தஸ்தாக இருக்குமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். மச்சான் என் பக்கம் திரும்பாமலே, கார் போதும் என்றார்.