நாலு பேர் தூக்க வேண்டிய டிராலி

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, நான்கு ஆண்கள் சேர்ந்து ஒரு மர வண்டியைத் தூக்கப் பார்த்தோம்.

வண்டி இம்மியும் அசையவில்லை. என் இடுப்புதான் 'மளுக்' என்றது.

டாக்டர் மாட்டிவிட்ட இடுப்பு பெல்ட்டை இன்னும் கழற்றவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "ரிட்டயர் ஆனவங்க வாக்கிங் போவாங்க, யோகா போவாங்க… உங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேலை?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

மைசூரில் என் நண்பர் சுரேஷ் ஒரு பழைய கோடவுனை வாங்கி காபி ஷாப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு காலத்தில் கூட்ஸ் வண்டி வாசல் வரை வந்து நின்ற கோடவுன். சாக்குக் குவியலை அகற்றியபோது அடியில் ஒரு டிராலி கிடந்தது. டிராலி என்றால் ஏர்போர்ட்டில் பெட்டி வைத்துத் தள்ளுவது அல்ல. ரயில்வே டிராலி. நான்கு இரும்புச் சக்கரம், மேலே ஒரு மரச்சட்டம், அதன் மேல் ஒரு பெஞ்ச். லைனைச் சோதிக்கும் அதிகாரி பெஞ்சில் உட்காருவார். டிராலிமேன்கள் பின்னாலிருந்து தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் தொற்றி ஏறிக்கொள்வார்கள். இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. மீட்டர் கேஜ் ஓடிய நாட்களில் எங்கள் பக்கத்து லைன்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

இதைச் சரிசெய்து, முப்பது அடி தண்டவாளம் போட்டு, கடை முன்னால் நிறுத்தவேண்டும் என்பது சுரேஷின் ஆசை. அதற்கு ஒரு டீம் அமைந்தது. ஆசாரி மாதேஷ்—தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளிக்காரர், மைசூர் மண்டி மொஹல்லாவில் பட்டறை வைத்திருக்கிறார். வாசு சார்—தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடியில் கட்டியிருக்கும் துணிக்கொடியில் லாரியைக் கட்டி இழுக்கலாம். அப்படி ஒரு முன்ஜாக்கிரதை. அப்புறம் நான். எனக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். உப்புத்தாள் தேய்க்கத் தெரியும்.

ஐந்து மாதம், சனிக்கிழமைதோறும் வேலை. பழைய மரம் உளுத்திருந்தது. "தேக்குலயே பண்ணிடலாம், நூறு வருஷம் நிக்கும்" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். எங்கள் பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு நிலைகள் சும்மா கிடந்தன. மொத்தத்தையும் கொடுத்தேன். வாசு சார் அதற்கு அடியில் இரும்பு ஆங்கிள் கொடுத்தார். "ஒரு சேஃப்டி வேணும் இல்லையா?"

பெஞ்சின் சட்டத்தில் மட்டும் ஒரு குழப்பம். அது ஒன்றுதான் உளுத்துப்போகாமல் இருந்த பழைய மரம். நான்கு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"பூச்சி அரிச்சிருக்கு," என்றார் வாசு சார்.

"ஏனுங்க சார், பூச்சி ஸ்கேல் வெச்சுங்களா அரிக்கும்?" என்றார் மாதேஷ்.

சிரித்தோம். சிரித்துவிட்டு, எல்லா ஓட்டையிலும் பட்டி வைத்து அடைத்தோம். அடைத்ததைப் பளபளவென்று தேய்த்தது அடியேன். மேலே ஒரு கனமான தேக்குப் பலகையைப் பதித்தோம். ஓரத்தில் ஒரு பித்தளைத் தகடு—தேக்கு கொடுத்த புண்ணியவான் என்று என் பெயர்.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமைதான் ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை, நர்ஸ். முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா டிராலிமேனாக இருந்தவர். பழைய போட்டோ இருந்தால் தாருங்கள், கடையில் மாட்டுகிறோம் என்று சுரேஷ் சர்ச்சில் சொல்லிவைத்திருந்தார். சிஸ்டர் அப்பாவின் போட்டோவை டவலில் சுற்றி எடுத்து வந்திருந்தார். டிராலிக்குப் பக்கத்தில் நான்கு பேர் நிற்கும் படம். இடது கோடியில் ஒல்லியாக நிற்பவர் அப்பா. அப்பா வேலை பார்த்த நாட்களில் எடுத்ததென்று சிஸ்டரிடம் இருந்த போட்டோ அது ஒன்றுதான்.

டிராலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார்.

"ரொம்ப ச்சென்னாகிதெ, அழகா இருக்கு சார். எங்க அப்பா பாத்தா அவருக்கு அடையாளமே தெரியாது."

"தேங்க்ஸ் சிஸ்டர்," என்றேன். பாராட்டு என்று நினைத்தேன்… என்ன செய்ய!

"எங்க, தூக்குங்க பாப்போம்."

வாசு சார், சுரேஷ், மாதேஷ், நான். ஆளுக்கு ஒரு மூலை. அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுரேஷுக்கு எரிச்சல். "இத எதுக்கு சிஸ்டர் தூக்கணும்? இங்கயேதான நிக்கப் போவுது?"

"சார், டிராலி லைன்ல போறப்ப எதிர்ல வண்டி வந்துட்டா என்னா பண்ணுவீங்க?"

"குதிச்சு ஓடிடுவோம்."

"நீங்க ஓடிடுவீங்க. டிராலி மேல மோதி அந்த வண்டி கவுந்தா? உள்ள எத்தனை பேரு இருப்பாங்க? விட்டுட்டு ஓடவே கூடாது சார். நாலு பேரு, நாலு மூலை. ஒரே மூச்சுல தூக்கி லைனுக்கு வெளிய வெக்கணும். அதுதான் அவங்க வேலை. தள்றதெல்லாம் அப்புறம்."

பிறகு போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய அப்பாவுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். ஒரு வளைவு. இரண்டு பக்கமும் மண்மேடு. ஜல்லி ஏற்றிய வண்டி ஒன்று நேரம் தவறி எதிரே வந்துவிட்டது. பெஞ்சில் இருந்த அதிகாரியை இழுத்து இறக்கிவிட்டு, நான்கு பேரும் டிராலியைத் தூக்கி மேட்டில் சாய்த்தார்கள். அப்பாவின் டிபன் கேரியர் மட்டும் தண்டவாளத்தில் விழுந்துவிட்டது.

"வண்டி போனதுக்கப்புறம் பாத்தா, நாலு அடுக்கும் ஒரே தட்டா ஆயிருந்துச்சாம். அம்மா அத ரொம்ப வருஷம் வெச்சிருந்தாங்க… அன்னிக்கு அந்த டிராலி இந்த வெயிட்டு இருந்திருந்தா, நான் பொறந்திருக்கவே மாட்டேன் சார்."

வாசு சார்தான் மெல்ல ஆரம்பித்தார். "சேஃப்டிக்காகத்தான் சிஸ்டர் இரும்பு கொடுத்தேன்…"

"யாரு சேஃப்டிக்கு சார்? மேல உக்கார்றவருக்கா, கீழ தூக்கறவங்களுக்கா?"

வாசு சார் குனிந்து, தான் கொடுத்த இரும்பு ஆங்கிளையே பார்த்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

சிஸ்டர் டவலை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இது தூக்க முடியாத டிராலின்னா, அப்பா போட்டோ இது பக்கத்துல பேடா, வேணாம். நான் கொண்டு போயிடறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து மாதத்தில் நிறம் பற்றிப் பேசினோம், பாலிஷ் பற்றிப் பேசினோம், போட்டோ எடுத்தால் எந்தக் கோணத்தில் அழகாக இருக்கும் என்று பேசினோம். இதை ஓட்டியவர்கள் இதை வைத்து என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாதேஷ் மட்டும் அந்த ஓட்டைகளைப் பற்றி அப்போதே கேட்டிருந்தார். சிரித்துவிட்டோம்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்," என்றார் மாதேஷ். போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "சார், இங்க வந்து பாருங்க. பெஞ்சுல பலகையே இல்லீங்க. பிரம்புப் பின்னலுங்க! அந்த ஓட்டையெல்லாம் பிரம்பு கோக்கறதுக்குங்க. அப்பவே சொன்னனுங்க, யாரு கேட்டீங்க?"

படத்தில் அடிச்சட்டமும் மெலிசு. நாங்கள் வைத்ததில் பாதிகூட இல்லை. இதே ஊரில், சிஸ்டர் வீட்டில் டிசைன் டிராயிங் டவலுக்குள் தூங்கிக்கொண்டிருக்க, நாங்கள் இங்கே சொந்தமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தோம்.

"சிஸ்டர், போட்டோவ ஒரு வாரம் கடன் கொடுங்க," என்றார் வாசு சார். "அடுத்த சனிக்கிழமை வாங்க. தூக்க முடியலேன்னா எடுத்துட்டுப் போங்க."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசு சாரிடமிருந்து எனக்கு போன். "சக்கரம், அச்சு, பெஞ்ச் சட்டம், இது மூணையும் விட்டுட்டு மீதி எல்லாத்தையும் கழட்டறேன். உங்க தேக்கும் போகுது. கோவிச்சுக்கக் கூடாது."

கோபித்துக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான். பொய் எதற்கு? அரை மணி நேரம் நல்ல கோபத்தில் இருந்தேன். தேக்கு போவதுகூடப் பரவாயில்லை… அந்தப் பித்தளைத் தகடு! அப்புறம் டிபன் கேரியர் ஞாபகம் வந்தது. அடங்கிவிட்டேன்.

சக்கரத்தின் அளவு கையில் இருந்தது. படத்தில் உள்ள சக்கரத்தை அதோடு ஒப்பிட்டு மற்ற எல்லா அளவையும் வாசு சார் கணக்குப் போட்டு எடுத்தார். மாதேஷ் எடை குறைந்த சில்வர் ஓக் மரம் கொண்டுவந்து மெலிசாக இழைத்தார். நான் அடைத்த பட்டியை நானே ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன், பெல்ட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து. மாதேஷுக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் இருந்து பிரம்பு பின்னிக் கொடுத்தார்.

பழைய பொருளுக்கு மரியாதை செய்வதாக நினைத்து நாம் செய்வது என்ன? கனமாக்குகிறோம். தடித்த பெயின்ட், தடித்த மரம், கிரானைட் மேடை, அதைச் சுற்றிச் சங்கிலி. அது எதற்குப் பிறந்ததோ அதைச் செய்ய முடியாதபடி ஆக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பெருமைப்படுகிறோம்.

சனிக்கிழமை சிஸ்டர் வந்தார். வாசு சார், சுரேஷ், மாதேஷ் மூவரும் மூலைக்கு ஒருவராக நின்றார்கள். நாலாவது மூலை காலி. என் இடுப்புதான் ஊரறிந்ததாயிற்றே. தெருவில் யாரையாவது கூப்பிடலாம் என்று சுரேஷ் கிளம்பினார்.

"ஏன், நான் இல்லியா?" சிஸ்டர் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "முப்பது வருஷம் பேஷன்ட்டத் தூக்குனவ சார் நான். நீங்கள்லாம் முதுகால தூக்கறீங்க, அதான் ஆளு சாயறீங்க. முட்டிய மடக்குங்க. நான் சொன்னதும் ஒண்ணா தூக்கணும். ஒந்து… எரடு… மூறு!"

டிராலி எழுந்தது.

பூப்போல எழுந்தது என்று சொல்லமாட்டேன். அச்சும் சக்கரமும் இரும்புதானே. சுரேஷின் முகம் தக்காளியாகிவிட்டது. ஆனால் எழுந்தது, தண்டவாளத்தைத் தாண்டியது, நான்கு எட்டில் அந்தப் பக்கம் போய்ப் புல்லில் உட்கார்ந்தது. சிஸ்டர் சட்டத்திலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ," என்றார். மறுபடி தூக்கி லைனில் வைத்தார்கள்.

அப்பாவின் போட்டோவை அவரே ஆணியில் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விழா. சிறப்பு விருந்தினர் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கோட், டை. டிராலியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா! சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல இதுல எத்தனை மைல் போயிருக்கேன் தெரியுமா?" என்றார். போட்டோக்காரர்கள் ரெடி. அவரும் உரிமையோடு பெஞ்சை நோக்கி நடந்தார்.

ஸ்டெல்லா சிஸ்டர் குறுக்கே வந்து நின்றார்.

"உக்காரலாம் சார், தாராளமா. அதுக்கு முன்னாடி ஒரு மூலையப் பிடிங்க."

சுரேஷின் முகத்தில் ஈயாடவில்லை. விருந்தினர் பெஞ்சைப் பார்த்தார். சுவரில் இருந்த அந்த நான்கு பேரைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார்.

கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்தார்.