இந்த மாதம் யார் பெயரில்?

நான் நாடு சுற்றக் கிளம்பியது ஒரு மாதத்தின் கடைசி நாளில். வழியனுப்ப வருவதாகச் சொன்ன சித்தி வரவில்லை. ரயில் நகர்ந்த பிறகு போனில் கூப்பிட்டாள்.

"கோவிச்சுக்காதடி. பத்தொன்பதுல நிக்குது. ஒருத்தர் மெத்தையில படுத்துப் பாக்குறேன்னு படுத்து, தூங்கியே போயிட்டாரு. எழுப்பவும் பயமா இருக்கு."

சித்தி மெத்தைக் கடையில் விற்பனை வேலை பார்த்தாள். அங்கே விற்பவர்கள் நான்கு பேர். புதிதாக வந்த மேனேஜர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: மாதம் இருபது மெத்தை விற்றவருக்கு ஒவ்வொன்றுக்கும் கமிஷன், ஒன்று குறைந்தாலும் வெறும் சம்பளம்தான். தூங்கியவர் எழுந்து, "வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று போய்விட்டார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சித்தி நம்பியிருந்த பணம் ஆற்றில் கரைத்த புளியானது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மற்ற மூவரிடமும் சொன்னாள்: "ஆளாளுக்கு முக்காக் கிணறு தாண்டி உள்ள விழுறோம். இனிமே பில்லை மூணு பேர் பேர்ல மட்டும் போடுவோம். மூணு பேருக்கும் இருபது தாண்டிடும். கமிஷனை நாலாப் பிரிச்சுக்கலாம். மாசம் ஒருத்தர் பேரை விட்டுடுவோம்."

"அந்த ஆளு கணக்குல முட்டைதானே இருக்கும்? வேலையே போயிடும்க்கா."

"முதல் முட்டை என்னோடது. வேலை போனா மூணு பேரும் முறைவச்சுச் சோறு போடுங்க."

மாத முடிவில் மேனேஜர் சித்தியைக் கூப்பிட்டார். "ஒண்ணுகூட விக்கலையேம்மா! கடைக்குத் தூங்கவா வர்றீங்க?"

"பத்தொன்பது வித்தாலும் பூஜ்யம் வித்தாலும் ஒரே சம்பளம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதான் உடம்பை அலட்டிக்கல."

வேலைநீக்கக் கடிதம் முதலாளியின் கையெழுத்துக்குப் போனது. அந்த மாதம் கடையில் இதுவரை இல்லாத விற்பனை. வாசலில் வாடிக்கையாளரைப் பிடித்து இழுக்கும் போட்டி நின்று, ஒருவருக்கொருவர் கைகொடுத்து விற்றதன் பலன். முதலாளி கடிதத்துடன் கடைக்கே வந்துவிட்டார்.

"இந்தம்மா எதுவுமே விக்கலைன்னா, போன வாரம் எங்க அண்ணிக்கு ரெண்டு மெத்தை வித்தது யாரு? வீட்டுக்குப் போனா இவங்க பேச்சுதான்."

சித்தி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றார் முதலாளி.

"விக்காத மெத்தைக்குக் காசு கேட்டாத்தான் ஏமாத்து சார். வித்ததுக்குத்தான் கேட்டோம்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிதத்தை நாலாகக் கிழித்தார். மூன்று பேருடைய கமிஷனும் அன்றே கைக்கு வந்தது. அடுத்த மாதத்திலிருந்து முதல் மெத்தைக்கே கமிஷன் என்றானது. ஏதோ ஓர் ஊரின் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு போனில் இதைக் கேட்டேன். சித்தி போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"கட்டணத்தைக் கட்டியாச்சுடி!"

பல வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். சித்தி இப்போது அந்தக் கடையின் மேனேஜர். போன வாரம் அவளுடைய போனில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பழைய மேனேஜர். இப்போது வேறொரு கடையில் குளிர்சாதனப் பெட்டி விற்கிறார்.

"அக்கா, இங்க எனக்கும் டார்கெட் வச்சுட்டாங்க. மாசாமாசம் ஒண்ணு ரெண்டுல விட்டுப்போகுது. அன்னைக்கு நீங்க எப்படிப் பிரிச்சீங்கன்னு கொஞ்சம் விவரமாச் சொல்ல முடியுமா?"