அவள் சொல்லாத சொல்

நான் பொய் சொன்னேன். ஒருத்தி தமிழில் கேட்டதை வங்காளத்தில் வேறொன்றாக்கிச் சொன்னேன். வாய் தவறி அல்ல, தெரிந்தே செய்தேன். அவள் சொல்லாத ஒரு சொல்லை, ஒரே ஒரு சொல்லை, அவள் பேச்சில் செருகினேன்.

அதனால் அவள் மேலும் பல வருடங்கள் மனநல ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அவளுக்காக ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. அதைச் சாத்தியவள் நான்!

என் கணவருக்குக்கூட இது தெரியாது. மகளிடம் சொல்லும் துணிவு இந்த ஜென்மத்தில் எனக்கு வராது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, எவரோ... அதுதான் வசதி.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம். கணவருக்குக் கிடர்பூரில் துறைமுக வேலை. கல்கத்தாவில், சேத்லாவில், ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். தொண்ணூறுகளின் பின்பாதியில், காலியாகக் கிடந்த கீழ்த்தளத்துக்குச் சில பெண்கள் குடிவந்தார்கள். மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, குணமாகி, கூட்டிப்போக ஆளில்லாமல் அங்கேயே தேங்கிப்போனவர்கள். ஒரு தொண்டு அமைப்பு அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து அவர்களைச் சேர்ந்து வாழ வைத்தது. காவல் கிடையாது, வெளிப்பூட்டு கிடையாது. அவர்களே மீன் வாங்கினார்கள், சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டார்கள். பகலில் ஸோமா என்ற பெண் வந்து கவனித்துக்கொண்டு போவாள்.

தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. குழந்தைகள் விளையாடுகிற இடமாயிற்றே என்றார்கள். அவர்களுக்காக அன்று தெருவில் நின்று வாதாடியவள் யார் தெரியுமா? நான்தான்! சிரிக்காதீர்கள். மளமளவென்று வங்காளம் பேசுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடு நியாயம் பேசினேன். பொங்கலுக்கு அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல்கூடக் கொடுத்தனுப்பினேன்.

அவர்களைக் கண்டு எனக்குப் பயமே இல்லை. ஏன் தெரியுமா? அவர்கள் வங்காளிகள். அவர்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஒருநாள் ஸோமா மாடிக்கு ஓடி வந்தாள். "பௌதி, ஒரு உதவி!" என்றாள். அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள் இங்கே. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருக்கிறாளாம். வருடக்கணக்காக அவள் பேசுவது யாருக்கும் விளங்கவில்லையாம். பிதற்றல் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்களாம். புதிதாக வந்த டாக்டர்தான், இது பிதற்றல் இல்லை, ஏதோ ஒரு பாஷை என்று கண்டுபிடித்தாராம். "தமிழ்னு நினைக்கிறோம் பௌதி. நீங்க வந்து கேளுங்களேன்."

போனேன். பேச்சியம்மாள். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். புத்தி பேதலித்திருந்த நாளில் ஏதோ ரயிலில் ஏறி ஹௌராவில் இறங்கியவள். வார்டு ஆயாக்களுக்கு அவள் பெயரே வேடிக்கை. வங்காளத்தில் பேஞ்சி என்றால் பெண் ஆந்தையாம். பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"நல்லாருக்கியாம்மா?" என்றேன். அவ்வளவுதான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தாடி... நம்ம பக்கத்து ஆளா நீங்க? அக்கா... எக்கா! இம்புட்டு நாளும் எங்கக்கா இருந்தீக?"

எனக்கும் அழுகை வந்தது. பொய்யில்லை, நிஜமாகவே அழுதேன். ஆனால் அந்தப் பிடி... அவள் விடவே இல்லை. வீடு திரும்பும்வரை என் மணிக்கட்டில் அந்தப் பிடி இருந்ததுபோலவே தோன்றியது.

அதன் பிறகு ஸோமா அவளைக் கூட்டி வந்து கீழ்வீட்டைக் காட்டினாள். அங்கே ஒரு படுக்கை காலியாக இருந்தது. பேச்சியம்மாள் அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். "மேல நீங்களாக்கா? அப்ப நான் தினம் வருவேன்!" என்றாள்.

தினம் வருவேன்!

அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. என் மகளுக்கு அப்போதுதான் கல்கத்தாவிலேயே, சால்ட் லேக் பகுதியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நம்மவர்கள், வெகுநாளாக அங்கே குடியிருக்கும் குடும்பம். அவர்கள் பெண் பார்க்க வரும்போது கீழே நான்கு வங்காளிப் பெண்கள் நின்றால் யாரோ என்று போய்விடுவார்கள். ஆனால் நம் பேச்சு பேசுகிற ஒருத்தி, என் வாடையடிக்கிற ஒருத்தி, "அக்கா!" என்று படியேறி வந்தால்? இவள் யார், உங்களுக்கு என்ன உறவு, உங்கள் குடும்பத்தில் இப்படி உண்டா என்று கேட்பார்களே! இல்லை என்று சொன்னால் நம்புவார்களா? நான் பைத்தியத்துக்கு அஞ்சவில்லை. தமிழச்சிக்கு அஞ்சினேன். சீ! எழுதும்போதே கை கூசுகிறது.

முடிவு செய்கிற நாள் வந்தது. ஆஸ்பத்திரி அறையில் டாக்டர், ஸோமா, பேச்சியம்மாள், நடுவில் நான். அவள் வாயாக இருக்கவேண்டியவள்! டாக்டர் கேட்டார்: "இவங்க விருப்பம் என்ன? அதைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டோம்."

நான் கேட்டேன். அவள் தயங்கவே இல்லை.

"வீட்டுக்குப் போறேன்னு சொல்லுங்கக்கா. நாளைக்கே வேணாலும் வாரேன்னு சொல்லுங்க."

வீடு. அவள் கண்ணில் இருந்தது கீழ்வீடு. அந்த அடுக்களை, அந்த டப்பாக்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். வங்காளத்தில் வீட்டுக்குப் 'பாரி' என்பார்கள். 'பாரி' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும்.

நான் 'தேஷேர் பாரி' என்றேன். சொந்த ஊர் வீடு.

அவ்வளவுதான். ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

ஸோமாவின் முகம் வாடிவிட்டது. டாக்டர் தலையசைத்தார். ஊருக்குப் போகத் துடிக்கிறவளைப் பிடித்து இங்கே குடிவைக்கக் கூடாது, முதலில் குடும்பத்தைத் தேடுவோம் என்றார். நல்லவர்கள்! அவள் விருப்பத்தை மதித்தார்கள், பாருங்கள்... அவள் சொன்னதாக நான் சொன்ன விருப்பத்தை.

ஊரைத் தேடிப் பிடித்தார்கள். அண்ணன் ஒருவன் இருந்தான். அவனோடு டெலிபோனில் பேசியதும் நான்தான். வேறு யாருக்குத் தமிழ் தெரியும்? "அவளை எப்பவோ தலை முழுகியாச்சும்மா. இனிமே இங்க போன் பண்ணாதீக" என்று வைத்துவிட்டான். அதை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஸோமாவுக்கு மொழிபெயர்த்தேன்!

அதற்குள் கீழ்வீட்டுப் படுக்கைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். "பேச்சி-திகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க பௌதி" என்று ஸோமா கேட்டுக்கொண்டாள். 'தி' என்றால் அக்கா. மறுபடி ஆஸ்பத்திரி. ஸோமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தையும் புரியாமல்.

"நான் சொன்னத அவுககிட்டச் சொன்னீகளாக்கா?" என்றாள் பேச்சியம்மாள்.

"சொன்னேன்மா. இடமில்லைன்னுட்டாங்க."

அவள் அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அண்ணன் கைவிட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்து ஸோமா அவள் தலையைத் தடவினாள். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் முழு உண்மையும் தெரிந்த ஒரே பிறவி நான்தான்! அப்போதாவது சொல்லியிருக்கலாமே? ஒரு மூச்சில் கெடுத்ததை ஒரு மூச்சில் சரிசெய்திருக்கலாமே?

பேச்சியம்மாள்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடுங்கக்கா. நீங்க என்ன செய்வீக."

வரன் வீட்டார் வந்தார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "கீழே யாரெல்லாமோ இருக்காங்களே, யாரு?" என்று கேட்டாள். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "ஓகோ! நல்லாருக்கட்டும், பாவம்" என்றாள். பிறகு, வடை நன்றாக வந்திருக்கிறது, இன்னொன்று வை என்றாள்.

அவ்வளவுதான்! அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. இதற்காகவா... இந்த ஒன்றுமில்லாததற்காகவா நான் ஒருத்தியின் குடியைக் கெடுத்தேன்!

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மகள் சால்ட் லேக் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கேயே ஐந்தாவது செக்டாரில் கம்ப்யூட்டர் வேலை. இனியாவது பேச்சியம்மாளைப் பற்றி ஸோமாவிடம் சொல்லலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். நினைத்ததோடு சரி. சொன்னால் முதலில் நான் யாரென்று தெரிந்துபோகுமே?

பிறகு ஒருநாள் ஸோமா சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னாள். "பேச்சி-தி வங்காளம் கத்துக்கிட்டு வர்றாங்க, தெரியுமா? ஆயாக்களோட சண்டையே போடுறாங்க!"

என்ன மனுஷி நான், பாருங்கள்! ஒருத்தி ஊமையாகவே இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் இன்னொரு பயமும் பிடித்தது. 'தேஷ்' என்பது நம் 'தேசம்' தானே? அன்று அந்த அறையில் நான் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்குமே? அவளுக்கு அப்போதே புரிந்திருக்குமோ? புரிந்துகொண்டுதான் "சொன்னீகளாக்கா?" என்று கேட்டாளோ?

நான் பயந்ததுதான் நடந்தது. கீழ்வீட்டில் மறுபடி ஓர் இடம் காலியானபோது, பேச்சியம்மாள் தன் ஓட்டை வங்காளத்தில் தானே கேட்டிருக்கிறாள், அந்த வீட்டுக்குப் போகிறேன் என்று. முதல் நாளிலிருந்தே அதைத்தான் கேட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.

ஸோமா என்னிடம் வந்தாள். சந்தேகமாக அல்ல, குழப்பமாகத்தான் கேட்டாள். "பௌதி, அன்னிக்கு அவங்க ஊருக்குப் போகணும்னுதானே சொன்னாங்க?"

இதோ, கடவுளே தட்டில் வைத்து நீட்டிய வாய்ப்பு! நான் என்ன செய்தேன் தெரியுமா?

"ஆமா, ஊருக்குன்னுதான் சொன்னா. அப்ப அவளுக்கு மனசு ஒரு நிலையில இல்லையே, பாவம். இன்னிக்கு ஒண்ணு சொல்லுவா, நாளைக்கு ஒண்ணு சொல்லுவா" என்றேன்.

முதல் பொய்யைக்கூட மறந்துவிடுங்கள். இதைக் கேளுங்கள்! என் பொய்யை மறைக்க அவள் நோயை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஸோமா அதை நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? ஒரு பக்கம் நோயாளி; மறுபக்கம் பொங்கல் கொடுத்தனுப்புகிற மாடிவீட்டுப் பௌதி! "அப்படி மாத்தி மாத்திப் பேசறாங்கன்னா, இன்னும் கொஞ்ச நாள் பார்த்துட்டுக் கூட்டி வரலாம்" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் மறுபடி வருடங்களாயிற்று. தெளிவாகப் பேசிய ஒருத்தியை, தெளிந்தவள் அல்ல என்று இரண்டாவது முறையும் உள்ளே தள்ளினேன்.

கடைசியில் வந்துவிட்டாள். தலை முழுக்க நரைத்துத்தான் வந்தாள். இப்போது கீழ்வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வீட்டு அடுக்களை அவள் ராஜ்ஜியம். மீன்காரனிடம் வங்காளத்தில் பேரம் பேசுகிறாள். கோபம் வந்தால் கோவில்பட்டித் தமிழில் திட்டுகிறாள். குழம்பு வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் உண்டு. ஆனால் படியேறி வரமாட்டாள். கீழேயே நின்று "அக்கா" என்று குரல் கொடுப்பாள். "மேலே வாயேன், பேச்சி" என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன்.

"இல்லக்கா... இருக்கட்டும்" என்பாள்.

ஏன் வரமாட்டேன் என்கிறாள்? முழங்கால் வலியா? தெரிந்துதான் நிற்கிறாளா? கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் நான் சொல்லவும் வேண்டிவருமே! கிண்ணத்தை வாங்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் துழாவுகிறேன். ஒன்றும் பிடிபடவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் மாடியைக் காட்டி, "எனக்காக முதல் முதல்ல பேசினவங்க இவங்கதான்" என்று வங்காளத்தில் சொல்கிறாள். நன்றியில் சொல்கிறாளா, குத்திக்காட்டுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

சரி, அவளிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள்... கேட்கத்தான் வேண்டும்.

பேச்சியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். இத்தனையும் கொட்டிவிட்டு, நாளைக்கும் அவள் கையால் குழம்பு வாங்கிச் சாப்பிடலாம் அல்லவா? இந்த ஒப்புதலிலும் இருப்பது அதே கோழைத்தனம்தான்.

உங்களில் யாராவது சேத்லா பக்கம் வந்தால், அவளுக்கு இதைப் படித்துக் காட்டிவிடுவீர்களோ என்று இப்போதே பயப்படுகிறேன். படித்துக் காட்டுங்கள் என்று சொல்வதுதான் நியாயம். எனக்கு வாய் வரவில்லை.