லைவில் அசையாமல் நின்ற அரை நிமிடம்

சேலை விற்பவனுக்குக் கை சும்மா இருக்கக் கூடாது. வாய் அதைவிடச் சும்மா இருக்கக் கூடாது. இளம்பிள்ளையில் ஒரு மொத்தக் கடையில் நான் சேல்ஸ்மேன். இப்போது பாதி வியாபாரம் போன் கேமராவுக்கு முன்னால், லைவில்தான். நான் சேலையை உதறிக் காட்டுவேன், பார்ப்பவர்கள் வீட்டிலிருந்தே ஆர்டர் போடுவார்கள். நெஞ்சு அவ்வப்போது படபடக்கிறது என்று சொன்னதற்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ரெஹானா ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டாள். மணிக்கட்டில் வாட்சும் மனதில் பயமுமாக அலையும் என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சேலைக் கட்டுகளில் சாய்ந்திருந்தேன். கையில் விர்ரென்று ஓர் அதிர்வு. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள் என்று வாட்ச் எழுதிக் காட்டியது. பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த செல்வியிடம் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காத்தாலருந்து நீங்க சேல ஒதறுற ஒதறல்ல அந்த வாட்சுக்குத்தானுங்க பாய் மூச்சு வாங்குது."

ஊதா சேலை

செல்வி சொன்னதை நம்பத்தான் ஆசை. ரெஹானா விடவில்லை. "படபடப்பு வரும்போதே இசிஜி எடுங்க அத்தா. வாட்ச் பட்டன்ல விரலை வெச்சு, அரை நிமிஷம் கையை ஆட்டாம இருங்க" என்றாள். சேலைக் கடையில் கையை ஆட்டாமல் இருப்பதா? எடுக்கும்போதெல்லாம் யாராவது கூப்பிடுவார்கள், கை நகரும், பதிவு தெளிவில்லை என்று வரும்.

கடைசியில் படபடப்பு லைவின் நடுவே வந்தது. ஊதா நிற சாஃப்ட் சில்க்கைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் தறி தாறுமாறாக ஓடியது. இந்தத் தடவை விடக் கூடாதென்று கையை மேசையில் ஊன்றி, விரலைப் பட்டனில் வைத்து, மூச்சுகூடப் பெரிதாக விடாமல் நின்றேன். கேமரா ஓடுவது மறந்தே போனது. ஏஎஃப் போல் தெரிகிறது என்றது வாட்ச். இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிப்பதற்கு அதுதான் பெயர். நான் அதை மறுபடி படிக்கையில் கடை போன் அடித்தது. தர்மபுரியிலிருந்து வாடிக்கைக்காரம்மா: "பாய், உங்க நெட்டு நின்னுபோச்சு. அது சரியாகறதுக்குள்ள அந்த ஊதாவ எனக்கு எடுத்து வெச்சுருங்க!"

மணி பார்த்த குற்றம்

உடனே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. முகூர்த்த சீசன், லீவு கேட்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம். அதனால் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிபாளையத்திலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்கள் முன்னாலும் அதே வேலை. எங்கள் தொழிலில் வாடிக்கைக்காரர் முன்னால் மணி பார்ப்பது, எழுந்து போங்கள் என்று சொல்வதற்குச் சமம். பெண்ணின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, நாங்க வந்தது உங்களுக்குத் தொந்தரவுங்களா?" என்றார்.

பதறிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தம்மா கையிலிருந்த பட்டுச்சேலையை மடித்து என் பக்கம் தள்ளினார்: "இது இங்கயே இருக்கட்டுங்க. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து காட்டுனாத்தான் எம்புள்ளைக்கு எடுப்பேன். கெளம்புங்க சாமி."

ஆஸ்பத்திரிக் கட்டிலில்

சேலத்தில் இதய டாக்டர் வாட்ச் பதிவைப் போனில் பார்த்தார். இது துப்புதான், எங்கள் மெஷினில் உறுதி செய்துகொள்வோம் என்றார். மார்பில் ஒயர் ஒட்டிய நர்ஸம்மா, அசையாதீர்கள் என்று அதட்டிக்கொண்டே இருந்தார். பயத்தில் என் கை படுக்கை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்ததாம்.

ஏஎஃப்தான். ரத்தம் இதயத்தில் உறைந்து மூளைக்குப் போனால் கையோ பேச்சோ போய்விடலாம், அதைத் தடுக்கத்தான் மாத்திரை என்றார் டாக்டர். "எனக்கு வலியே இல்லீங்களே" என்று முனகினேன். மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்: "வலிக்கட்டும்னு காத்திருந்தா, பாய், உங்களத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க."

மாத்திரை தவறாமல் போகிறது, துடிப்பும் ஓரளவு அடங்கிவிட்டது, பயம் மட்டும் என்னைப்போலவே லீவு போடாமல் தினமும் கடைக்கு வருகிறது.