தெல்தோட்டை ஏற்றத்தில் மீதிப் பாடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கொழும்பில் பொறியியல் படித்தேன். விடுமுறையில் பயிற்சிக்கு இடம் தேடிக் கண்டியில் தெல்தோட்டை பஸ் ஏறினேன். பரீட்சை நெருங்கியதால் மடியில் புத்தகம். பக்கத்தில் இருந்தவர் கலகெதர ஊர் முஸ்லிம் மாணவர். எங்கள் கல்லூரியிலேயே ஒரு வகுப்பு மேலே. அதுவரை பேசியதில்லை. எனக்குப் பிடிபடாத நீராவி எஞ்சினை வழியெல்லாம் விளக்கினார்.

இருவரும் பயிற்சி கேட்டு ஒரே தேயிலைத் தொழிற்சாலைக்கு இறங்கினோம். தோட்டத்தை நடத்தும் துரை ஒருவரைத்தான் எடுப்பார் என்று இருவருக்கும் தெரியும். நான் புத்தகத்தை மூடினேன்.

"ஏன் மூடுறீங்க? வால்வு இன்னும் சொல்லி முடியல்லயே. நடந்துக்கிட்டே சொல்றேன், வாங்க."

தூறலில் ஏற்றம் முடியும்வரை சொன்னார்.

இடம் அவருக்கே கிடைத்தது. அவர் சொன்ன பாடத்தால் நான் பரீட்சையில் தேறினேன். அன்று எனக்கு இடம் கிடைத்திருந்தால், அவரை எப்போதோ மறந்திருப்பேன்.